தண்ணீருக்கு மேலே அறும் கம்பி

உப்பு ஆலையில் கம்பி இல்லாத இடம் கிடையாது. கழுவிய உப்பை ஏற்றிச் செல்லும் கன்வேயரின் வலைப்பட்டை முழுக்கக் கம்பி. சென்ட்ரிஃப்யூஜுக்குள் உப்பையும் உவர்நீரையும் பிரிக்கும் கூடை, ஆப்பு வடிவக் கம்பிகளை நெருக்கி அடுக்கிச் செய்தது. சல்லடை கம்பி. வால்வு ஸ்பிரிங் கம்பி. நீராவிக் குழாயின் மேல் சுற்றிய கம்பளிப் பஞ்சை இழுத்துக் கட்டியிருப்பதும் கம்பி. மதகுப் பலகையைத் தூக்குவது கம்பிவடம். பம்போ மோட்டாரோ நின்றுபோனால் ஆலையே கூடி நிற்கும். கம்பிக்கு அப்படி யாரும் வருவதில்லை. அறுந்த இடத்தில் இன்னொன்றைக் கட்டிவிட்டுப் போவார்கள். ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகத் தூத்துக்குடிப் பக்கம் உப்புச் சுத்திகரிப்பு ஆலையொன்றில் சேர்ந்து, மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக ஓய்வு பெறும்வரை, அப்படி அறுந்த கம்பிகளை எடுத்து வைத்துப் பார்ப்பது என் வேலையின் பெரும்பகுதியாக இருந்தது.

எங்கள் ஊர் உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி அடர்த்தியில், தேக்கி வைக்கும் தெப்பத்துக்கு வரும். போர் போட்டு நிலத்தடி உவர்நீரை எடுப்பவர்களுக்கு அதைவிடக் கூடுதல் டிகிரியிலேயே கிடைக்கும். வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரியைத் தொட்டால் பாத்தியில் உப்பு இறங்கத் தொடங்கும். 29ஐத் தாண்டவிடக் கூடாது. அதற்கு மேல் தேக்கினால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். வாரிய உப்பு தட்டுமேட்டில் குவியும். அங்கிருந்து எங்களைப் போன்ற ஆலைகளுக்கு வந்து, அரைபட்டு, கழுவப்பட்டு, சென்ட்ரிஃப்யூஜில் பிழியப்பட்டு, சூடான காற்றில் உலர்ந்து, அயோடின் சேர்க்கப்பட்டுப் பையில் ஏறும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு உண்டு. கழுவும் தொட்டியில் நிற்கும் நிறைவுற்ற உவர்நீரில் அது பத்து மடங்கு.

புதிதாக வேலைக்கு வரும் எவரும் அந்தத் தொட்டிக்குள் கிடக்கும் கம்பிதான் முதலில் போகும் என்று நினைப்பார்கள். நான் சேர்ந்த காலத்தில் எனக்கு மூத்த மேஸ்திரி, அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், தொட்டியைக் காட்டிச் சொன்னார்: “தம்பி, தண்ணிக்குள்ள கெடக்கதப் பத்திக் கவலப்படாத. தண்ணிக்கு மேல ஒரு சாண் பாரு. அங்கதான் தின்னும்.” அவர் சொன்னது அப்படியே உண்மை. தொட்டிக்குள் மூழ்கிக் கிடந்த வலை பளபளப்பாகவே இருக்கும். அதே வலையின் மேல்விளிம்பு, தண்ணீர் தெறித்துத் தெறித்துக் காயும் இடம், பழுப்பேறிப் பொரிந்திருக்கும்.

காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீரில் உப்பு ஏற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். நிறைவுற்ற உவர்நீரில் ஆக்சிஜன் மிகவும் கம்மி. எஃகை அரிப்பதற்கு உப்பு மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். சாதாரண எஃகைப் பல அடர்த்தி உப்புநீரில் போட்டுப் பார்த்தால், அரிப்பு உச்சத்தைத் தொடுவது 3 விழுக்காடு அளவில், அதாவது கடல்நீர் அடர்த்தியில்; அதற்கு மேல் உப்பைக் கூட்டக் கூட்ட அரிப்பு இறங்கும். தொட்டிக்கு மேலே கதை வேறு. தெறித்த துளி மெல்லிய ஏடாகக் கம்பியில் படிகிறது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. தண்ணீர் வற்றுகிறது, குளோரைடு அங்கேயே நிற்கிறது. அடுத்த துளி வந்து அதோடு சேர்கிறது.

ஈரப்பதத்துக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் தானாகக் கசியும். மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடற்கரை ஊரில் காற்று அவ்வளவு காய்வது அபூர்வம். அதனால், தூய உப்பு படிந்த கம்பி பகலில் காய்ந்து இரவில் நனைகிறது. உப்பு எடுத்தபின் மக்னீசியத்தோடு மிஞ்சும் கசப்பு நீர் தெறித்த கம்பியோ பட்டப்பகலிலும் ஈரமாகவே இருக்கிறது. விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். சித்திரை வெயிலில், எதிரே இருக்கும் தகரம் கையைச் சுடும் நேரத்திலும், கழிவு நீர் வாய்க்காலின் ஓரத்துக் கம்பிவேலியில் அந்தப் பிசுபிசுப்பை நான் தொட்டிருக்கிறேன். எந்த இடத்துக்கு எந்தக் கம்பி என்று முடிவு செய்வதற்கு முன் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. சோற்றுப் பானைக்கு அது சரி. பத்தரை விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் கலந்த இரும்பு, காற்று பட்டதும் தன்மேல் குரோமிய ஆக்சைடு ஏடு ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அதன் கனம் சில நானோமீட்டர்தான். கீறினால் மறுபடி மூடிக்கொள்ளும். இந்த மூடுதலைக் கெடுப்பதில் குளோரைடுக்கு இணை இல்லை. ஏடு மெலிந்த ஒரு புள்ளியில், பெரும்பாலும் மாங்கனீசு சல்பைடுத் துணுக்கு ஒன்று மேற்பரப்பில் தலைகாட்டும் இடத்தில், குளோரைடு நுழைகிறது. உள்ளே கரைந்த உலோகம் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. வெளியே நடுநிலைத் தண்ணீர், குழிக்குள் பி.எச். இரண்டுக்கும் கீழே. அமிலம் இன்னும் உலோகத்தைக் கரைக்க, அது இன்னும் குளோரைடை உள்ளே இழுக்க, குழி தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் கம்பியின் மேல் ஒரு பழுப்புப் பொட்டு தெரியும். ஊசியால் அதைச் சுரண்டினால் துரு உதிரும். அடியில் ஊசிமுனை நுழையும் அளவு ஓட்டை. சில குழிகளின் வாயில் அரிக்காமல் மிஞ்சிய உலோகம் பொத்தல் பொத்தலாக மூடியிருக்கும். அதையும் உடைத்தால்தான் உள்ளே இருக்கும் இடம் தெரியும். எறும்புப் புற்று போல வாய் சின்னது, அறை பெரியது. வெளியே பார்த்து உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்ல முடியாது.

கம்பிக்கு இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஆறு மில்லிமீட்டர் தகட்டில் 0.4 மில்லிமீட்டர் ஆழக் குழி விழுந்தால் பதினைந்தில் ஒரு பங்கு போயிற்று. தேய்த்துவிட்டு வருடக்கணக்கில் ஓட்டலாம். 18 கேஜ் கம்பியின் விட்டம் 1.2 மில்லிமீட்டர்தான். அதே குழி அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடும். ஆறு மில்லிமீட்டர் தடிப்புள்ள 7க்கு 19 கம்பிவடத்தில் 133 இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையும் சுமார் 0.4 மில்லிமீட்டர். அங்கே அந்தக் குழி என்றால் இழையே இல்லை. தகடுகளுக்காக எழுதப்பட்ட அரிப்பு அட்டவணைகளைப் பார்த்து “316 போதும்” என்று கம்பிக்கும் ஓ.கே. போடுவது இந்தக் கணக்கைப் பார்க்காமல் செய்வது. அட்டவணையில் வருடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் தேய்வு என்று போட்டிருக்கும். குழி அந்தக் கணக்கில் வராது.

கடைத்தெருவில் எஸ்.எஸ். கம்பி என்று கேட்டால் கிடைப்பவை மூன்று வகை. 304: 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். 316: குரோமியம் கொஞ்சம் குறைவு, நிக்கல் கூட, அதோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம், குளோரைடுக் குழிக்கு எதிரான காவல் அந்த மாலிப்டினம்தான். மூன்றாவது, நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்த 200 வரிசை. விலை குறைவு, பார்வைக்கு ஒன்றுதான். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் கிரில்லுக்கும் கைப்பிடிக்கும் அது பிழைத்துக்கொள்ளும். எங்கள் ஊர்க் காற்றில் முதல் மழைக்காலம் முடிவதற்குள் பழுப்புக் கண்ணீர் வடிக்கும்.

இவற்றைப் பிரித்தறிய எல்லோரும் பையில் காந்தம் வைத்திருப்பார்கள். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. கம்பி விஷயத்தில் இதைவிட ஆளை ஏமாற்றும் சோதனை கிடையாது. டையில் இழுபட்டுக் கடினமான 304 கம்பியில் படிக அமைப்பே மாறி மார்ட்டென்சைட் உண்டாகும். காந்தம் நன்றாக ஒட்டும். சரக்கு அசல்தான். அனீல் செய்து மிருதுவாக்கிய 200 வரிசைக் கம்பியில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. இவை எல்லாவற்றையும்விடக் குளோரைடைத் தாங்கும் டியூப்ளெக்ஸ் கம்பியில் பாதி ஃபெர்ரைட்; காந்தம் பாய்ந்து ஒட்டும். அதாவது காந்தத்தை நம்பினால் மட்டமானதை வாங்கி வைத்துக்கொண்டு, மிகச் சிறந்ததைத் திருப்பி அனுப்புவோம். ஒருமுறை உயர்ந்த ரகக் கம்பிச் சுருள் வந்து இறங்கியதும் ஸ்டோர் அண்ணாச்சி காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “இது இரும்புல்லா, எவன் தலையில கட்டப் பாக்கான்?” என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவருடைய அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆலையின் காசு வீணாகக் கூடாது என்று நினைத்தவர் அவர். டெஸ்ட் சர்டிஃபிகேட்டை விரித்து வைத்து விளக்கியதும் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார்.

மாலிப்டினச் சொட்டுச் சோதனை ஓரளவு நம்பகமானது. கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மருந்தில் ஒரு சொட்டு வைத்து, சிறு பேட்டரியால் மின்சாரம் கொடுத்தால், நிறம் மாறுவதை வைத்து மாலிப்டினம் உண்டா இல்லையா என்று சொல்லலாம். 316 என்ற சீட்டோடு வந்த சுருள் ஒன்றில் அந்த நிறம் வரவே இல்லை. வெளிச்சுற்றில் பார்த்தோம், உள்சுற்றில் பார்த்தோம்; இல்லை. திருப்பி அனுப்பினோம். விற்றவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார், அதுவே பதில். இப்போது கையடக்க எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எத்தனை என்று நொடிகளில் காட்டும். ஆனால் அதற்கும் கார்பன் தெரியாது, நைட்ரஜன் தெரியாது. 316ஆ, கார்பன் குறைந்த 316 எல்லா என்ற கேள்விக்கு உருக்காலைச் சான்றிதழ்தான் கதி.

சான்றிதழிலும் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குழி அரிப்பைத் தாங்கும் திறனுக்கு ஓர் எண் போடுவார்கள்: குரோமிய விழுக்காடு, அதோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு. 304க்கு 18இலிருந்து 20 வரும். 316க்கு 24க்குப் பக்கம். 2205 டியூப்ளெக்ஸுக்கு 35. சூப்பர் டியூப்ளெக்ஸுக்கு 40க்கு மேல். மாலிப்டினம் விலை உயர்ந்தது என்பதால் 316ஐ உருக்குகிறவர்கள் 2 விழுக்காட்டுக் கோட்டைத் தொட்டாற்போல நிறுத்திக்கொள்வார்கள். சட்டப்படி சரிதான். அதே தரத்தில் 2.5க்கு மேல் மாலிப்டினம் கேட்டு வாங்கினால் எங்கள் காற்றில் அதன் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மீஞ்சூரில் 2010லும் நெம்மேலியில் 2013லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. அந்த வகை ஆலைகளில் உயர் அழுத்தப் பகுதிக்கு 40க்கு மேற்பட்ட எண் கேட்பது இன்று உலக வழக்கம்; 316 எல் அங்கே நிற்காது என்று பட்டறிந்துதான் அந்த வழக்கம் வந்தது. அந்தப் பேச்சு பரவியபின் எங்கள் பக்கத்து ஆலைகளிலும் டியூப்ளெக்ஸ் என்ற பெயரைச் சொன்னால் முதலாளிமார் காது கொடுத்தார்கள்.

ஆனாலும் ரகம் மட்டும் போதாது. ஒரே ரகம், ஒரே உருக்கு, இரண்டு பட்டறையில் இழுத்த கம்பி. ஒன்று நிற்கும், ஒன்று நிற்காது. அது ஏன் என்று தெரிந்துகொள்ளக் கம்பி இழுக்கும் பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். ஐந்தரை மில்லிமீட்டர் தடிப்பில் சுருளாக வரும் கம்பித்தண்டை நைட்ரிக், ஹைட்ரோஃப்ளூரிக் அமிலக் கலவையில் முக்கிச் செதில் நீக்குகிறார்கள். பிறகு டங்ஸ்டன் கார்பைடு டை ஒவ்வொன்றாக நுழைத்து இழுக்கிறார்கள். டைக்கு முன்னால் ஒரு பெட்டியில் சோப்புத் தூள். கம்பி அதற்குள் புகுந்து வெள்ளையாக வெளியே வந்து டைக்குள் போகிறது. அது இல்லாவிட்டால் கம்பி டையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சில டைகள் தாண்டியதும் கம்பி முறுக்கேறி நிற்கும். ஹைட்ரஜன் நிறைந்த உலையில் 1,050 டிகிரிப் பக்கம் சூடாக்கி மிருதுவாக்கி, மறுபடி இழுப்பார்கள்.

அந்த உலைக்குள் போகும்முன் சோப்பு சுத்தமாகக் கழுவப்பட்டதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கழுவாமல் போன சோப்பு உலையில் கரியும். கரி கம்பியின் மேல்தோலுக்குள் ஏறும். அந்தத் தோலில் குரோமியம் கார்பனோடு கட்டுண்டு போகும். சான்றிதழ் 316 எல் என்றுதான் சொல்லும், கம்பியின் தோல் அப்படி இருக்காது. தேய்ந்த டையில் இழுத்த கம்பியில் நீளவாக்கில் கோடு விழும். ஒவ்வொரு கோடும் உப்பு உட்காரும் வாய்க்கால். நான் அங்கே கற்றது ஒன்று: சுருளின் ஒரு முனையை வெட்டி, வெள்ளைத் துணியை ஆல்கஹாலில் நனைத்து இறுக்கிப் பிடித்து இழுத்தால், நன்றாகக் கழுவிய கம்பி துணியைக் கறுப்பாக்காது. மேற்பரப்பில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று அறியக் காப்பர் சல்பேட் கரைசலில் ஆறு நிமிடம் ஈரமாக வைத்தால் போதும். இரும்பு இருந்த இடத்தில் செம்பு படிந்து சிவக்கும்.

இரும்பு ஒட்டுவது பட்டறையில் மட்டும் நடப்பதல்ல. எம்.எஸ். என்னும் சாதாரண எஃகுக் கம்பியை வெட்டிய இடுக்கியால் எஸ்.எஸ். கம்பியை முறுக்கினாலே போதும், இடுக்கியின் பல் பட்ட இடமெல்லாம் வரிசையாகத் துருப் பொட்டு வரும். எங்கள் டூல் ரூமில் எஸ்.எஸ். வேலைக்கென்று தனி இடுக்கி, தனிக் கம்பி பிரஷ், நீலப் பெயின்ட் அடித்த பிடியோடு தொங்கவிட்டோம். பக்கத்தில் கிரைண்டிங் நடந்தால் வலைப்பட்டையைத் தார்ப்பாயால் மூடச் சொன்னோம். முதலில் பையன்கள் அலுத்துக்கொண்டார்கள். மூடிய பட்டைக்கும் மூடாத பட்டைக்கும் ஒரு வருடத்தில் தெரிந்த வித்தியாசத்தைப் பார்த்தபின் அவர்களே தார்ப்பாயைத் தேடினார்கள்.

என் தொழிலில் நான் மிகவும் அஞ்சிய இடம் டிரையர். உப்பை உலர்த்தச் சூடான காற்று போகும் குழாய்களின் மேல் கம்பளிப் பஞ்சு சுற்றி, 304 கம்பியால் முறுக்கிக் கட்டி, மேலே அலுமினியத் தகடு போர்த்தியிருப்பார்கள். தகட்டின் மூட்டு வழியாக மழையும் உப்புத் தூசியும் உள்ளே போகும். பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே சூடு; தண்ணீர் சூட்டை நோக்கி நகர்ந்து ஆவியாகும், குளோரைடு அங்கேயே தங்கும். தகட்டைக் கழற்றிப் பார்த்தால் கம்பி புதிது போல இருக்கும். பழுப்பு இல்லை, பொட்டு இல்லை. முறுக்கின் மேல் விரலை வைத்து லேசாகத் தள்ளினால், டக் என்று ஒடிந்து கையோடு வரும். மிருதுவான கம்பி வளைந்து நீண்டல்லவா அற வேண்டும்? இது நீளவே நீளாது. ஒடிந்த முகத்தை லென்ஸில் பார்த்தால் தட்டையாக, பொடிப் பொடியாக மின்னும். அதற்குப் பக்கத்திலேயே கம்பியின் குறுக்கே மயிரிழை வெடிப்புகள், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிக் கிளைத்திருக்கும்.

இதற்குப் பெயர் தகைவு அரிப்பு வெடிப்பு. மூன்று சேர வேண்டும்: குளோரைடு, சூடு, இழுவிசை. 304, 316 இரண்டுக்கும் 50, 60 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து என்பது பொதுவான கணக்கு. இழுவிசைக்கு வெளியே எடை தொங்க வேண்டியதில்லை. முறுக்கிய முறுக்கிலேயே போதுமான இழுவிசை சிக்கியிருக்கும். அதனால்தான் எப்போதும் முடிச்சிலேயே ஒடிகிறது. நிக்கல் 8இலிருந்து 12 விழுக்காட்டுக்குள் இருக்கும் எஃகுதான் இந்த வெடிப்புக்கு மிக எளிதில் ஆட்படும் என்று காப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950களின் இறுதியில் காட்டினார். அவர் சோதித்த திரவம் கொதிக்கும் மக்னீசியம் குளோரைடு. எங்கள் பாத்தியில் உப்பு எடுத்தபின் மிஞ்சுகிற அதே சரக்கு. 304இல் இருக்கும் நிக்கல் அந்த வரம்புக்குள். 316க்கு மாறினாலும் பெரும்பாலும் அதற்குள்தான். ஆகவே டிரையரில் 304க்குப் பதில் 316 என்று மாற்றுவது பணத்தைக் கூட்டுமே தவிர வெடிப்பை நிறுத்தாது, சற்றுத் தள்ளிப்போடும்.

நாங்கள் அங்கே 2205 டியூப்ளெக்ஸுக்கு மாறினோம். கட்டுவது சிரமம். அந்தக் கம்பி வலிமை கூடியது. முறுக்கினால் திருப்பி அடிக்கும், கையுறை இல்லாமல் தொட முடியாது. நன்கு அனீல் செய்த மிருது ரகமாகக் கேட்டு வாங்கி, முறுக்கைக் குறைத்து, பெரிய விட்டக் குழாய்களுக்குக் கம்பியை விட்டுவிட்டு அகலப் பட்டையும் கிளிப்பும் போட்டோம். தகட்டு மூட்டுகளைக் கீழ்ப்பக்கம் திருப்பி மழை ஏறாமல் செய்ததும் அதே அளவுக்குப் பலன் தந்தது. கம்பியின் ரகத்தைக் கூட்டுவதைவிட ஈரம் போகும் வழியை அடைப்பது மலிவு என்று நிர்வாகத்திடம் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி.

கம்பிவடம் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. மதகு தூக்கும் வடத்துக்கு எஸ்.எஸ். போட வேண்டாம், துத்தநாகம் பூசிய, கிரீஸ் ஊறிய ஜி.ஐ. வடமே போடுங்கள் என்பேன். எஸ்.எஸ். இழைகள் உருளையில் ஏறி இறங்கும்போது ஒன்றோடொன்று உரசிப் பற்றிக்கொள்ளும். வளைந்து வளைந்து களைப்பதிலும் அவை சீக்கிரம். அதோடு வடத்தின் உள்ளே இழைக்கும் இழைக்கும் இடையில் உப்பு புகுந்தால் ஆக்சிஜன் போகாத இடுக்கில் அந்தக் குரோமிய ஏடு புதுப்பிக்க வழியில்லாமல் அரிப்பு தொடங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பாதி இழை இல்லை. ஜி.ஐ. வடம் துத்தநாகம் தீர்ந்ததும் வெளியிலேயே சிவந்து காட்டிவிடும். துணியால் சுற்றிப் பிடித்துத் தடவினால் அறுந்த இழை துணியில் மாட்டும். “என்னை மாற்று” என்று தானே சொல்லும் வடம் எனக்குப் போதும். அசையாமல் நிற்கும் இடத்துக்கு, கைப்பிடி வடத்துக்கு, 316 தாராளமாகப் போடலாம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும்.

நல்ல தண்ணீர் எங்கள் ஊரில் லேசில் கிடைக்காது. குடிக்கவே லாரி வரும் ஊரில் கம்பியைக் குளிப்பாட்ட எவர் தருவார்? நீராவி குளிர்ந்து வரும் கண்டன்சேட் தண்ணீரில் உபரியாக வடிவதை ஒரு தொட்டியில் பிடித்து, வாரம் ஒருமுறை வலைப்பட்டையையும் சல்லடையையும் அதில் அலசினோம். ஆலையில் கிடைக்கும் தண்ணீரிலேயே குளோரைடு குறைந்தது அதுதான். மழை நேராகப் படும் இடத்துக் கம்பி நன்றாக இருப்பதும், கூரைக்கு அடியில் மழை படாத இடத்துக் கம்பி பழுப்பேறுவதும் இதே காரணத்தால்தான். பாசியைப் போக்க பிளீச்சிங் பவுடர் தூவுகிறவர்களோடு மட்டும் எனக்கு ஓயாத சண்டை. அதிலுள்ள ஹைப்போகுளோரைட் உப்பைவிடப் பல மடங்கு வேகமாகக் குழியைத் தொடங்கிவைக்கும். டைல்ஸ் கழுவும் ஆசிட் அதைவிட மோசம். சல்லடைப் பக்கம் இரண்டும் வரக்கூடாது என்று போர்டு எழுதி மாட்டினோம்.

கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1985 மே 9 அன்று சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் நீச்சல் குளக் கூடம் ஒன்றின் கான்கிரீட் உட்கூரை குளத்தின் மேல் விழுந்து 12 பேர் இறந்தார்கள். அந்தக் கூரையைத் தாங்கித் தொங்கியவை எஸ்.எஸ். தண்டுகள், 304 வகை. குளத்துக் குளோரின் ஆவி மேலே போய்ப் படிந்து, கழுவ ஆளில்லாமல், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, தண்டுகளை வெடிக்கவைத்தது. அங்கே 60 டிகிரிச் சூடு இல்லை. அறை வெப்பத்திலேயே, உலர்ந்த காற்றில் அடர்த்தியான குளோரைடு ஏடு இருந்தால் இந்த வெடிப்பு வரும் என்று உலகம் புரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். அந்த அறிக்கையின் சுருக்கத்தை ஒரு பயிற்சி வகுப்பில் படித்த அன்று ஆலைக்குத் திரும்பியதும் நான் முதலில் நிமிர்ந்து பார்த்தது பேக்கிங் கூடத்தின் கூரையை. கேபிள் டிரே, டியூப்லைட் வரிசை, காற்றுக் குழாய் எல்லாம் 304 கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே நாள் முழுக்க உட்கார்ந்து பை தைக்கிறவர்கள் நம் பெண்கள். மேலே உப்புத் தூசி விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. மழை படாத இடம், கழுவாத இடம், டிரையரின் சூடு மேலேறி நிற்கும் இடம்.

அந்தக் கூடத்தை மாற்றி முடிக்க நிர்வாகத்திடம் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. செலவுக் கணக்கு கேட்டார்கள். உற்பத்தி நிற்குமே என்றார்கள். “இதுவரை ஒன்றும் விழலையே” என்று ஒருவர் சொன்னபோது, அலமாரியிலிருந்து டிரையரில் ஒடிந்த பளபளக்கும் முடிச்சுகளை எடுத்து மேசையில் கொட்டினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். எடை தாங்கும் தொங்கல்களை எல்லாம் தடித்த, கிரீஸ் பூசிய ஜி.ஐ. தண்டாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் துணையாக இரண்டாவது தொங்கல் போட்டோம். தண்டு துருப்பிடித்தால் சிவந்து தெரியும், உடைவதற்கு வருடங்கள் முன்னாலேயே தெரியும். கம்பிதான் வேண்டும் என்ற சில இடங்களில் 6 விழுக்காடு மாலிப்டினமுள்ள ரகத்தை வாங்கிப் போட்டோம். ஒரு கிலோவுக்கு அது கேட்கும் விலை அதிகம், ஆனால் அந்தக் கூடம் முழுமைக்கும் தேவைப்பட்டது சில கிலோதான். ஆயுத பூஜைக்கு முன்னால், மழை தொடங்குவதற்குள், ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு தொங்கலையும் கையால் இழுத்துப் பார்ப்பதும், தூசியை வாக்குவம் வைத்து எடுப்பதும் அங்கே இப்போது மெயின்டனன்ஸ் அட்டவணையில் இருக்கிறது. எனக்குப் பின் வந்த ஃபோர்மேன் தம்பி இந்த வருடமும் செய்து முடித்துவிட்டு எனக்கு போன் செய்தார். பாய்லர் பக்கம் பழைய 304 கம்பியில் தொங்கும் ஒரு காற்றுக் குழாய் கணக்கில் வராமல் விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்து, அன்றே இறக்கிவிட்டதாகச் சொன்னார்.